தீயை இழுத்துப் போட்டவள்

திருமூர்த்தி விழுந்த சத்தம் மாசாணியம்மாளுக்குக் கேட்கவில்லை. கருவேலங்கட்டை ஒன்றை அடுப்பு வாய்க்குள் தள்ளிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். இவ்வளவு நேரம் நீராவி அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்து நின்றிருந்த மனிதர் தரையில் கிடந்தார். உதடு ஒரு மாதிரி வெளுத்திருந்தது. அவள் கத்திப் பார்த்தாள். புகையில் குரல் எழும்பவில்லை. இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து அவரைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து சேர்ந்தாள். காற்று பட்டதும் அவர் இருமினார். அந்த இருமல் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவள் அவரை விட்டுக் கையை எடுத்தாள்.

அன்னூர்ப் பக்கம் சென்னகேசவன் நடத்தும் சைசிங் மில் அது. தறிக்குப் போகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, சூடான உருளைகளில் ஓட்டிக் காயவைத்துத் தருவார்கள். உருளைகளைச் சூடாக்கும் நீராவிக்கு விறகு பாய்லர். விறகு போடுவது மாசாணி, பாய்லரைப் பார்த்துக்கொள்வது ஆபரேட்டர் திருமூர்த்தி. பாய்லருக்கும் புகைபோக்கிக்கும் நடுவே, புகையை உறிஞ்சி மேலே தள்ள ஒரு பெரிய ஃபேன் இருந்தது. இறக்கைகள் தேய்ந்து, பேரிங்கும் போய், அது நின்று ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. புகைபோக்கி தானாக இழுத்துக்கொள்ளும் என்று சென்னகேசவன் சொல்லிவிட்டார். மழைக்கால ஈர விறகின் புகை மேலே போக வழியில்லாமல் அடுப்பு வாய் வழியாகவே திரும்பி வந்தது. மாசாணி சொன்னபோதெல்லாம், "இந்த ஆர்டர் முடியட்டுங்க, மாத்திப்போடலாம்" என்றார். ஒரு ஆர்டர் முடிந்தால் அடுத்தது வந்தது.

அன்று சென்னகேசவன் பதறித்தான் ஓடி வந்தார். திருமூர்த்தியைத் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கார் கேட்டைத் தாண்டியதும் மாசாணியிடம் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, இன்னிக்கி ஒரு நாள் சமாளிச்சுருங்க. கேஜை நான் பாத்துக்கறேன். சாயங்காலம் பாவு ஏத்த லாரி வந்துரும்."

"ஆளு செத்துப் பொழச்சிருக்காருங்க மொதலாளி."

"அவருக்குச் சுகர் இருக்குதுங்க. காலைல சாப்புடாம வந்திருப்பாரு."

"எனக்குந்தான் தலை சுத்துதுங்க. எனக்குச் சுகர் இல்லீங்க."

சென்னகேசவன் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. வேலைக்காரர்களையும் மரியாதையாகத்தான் கூப்பிடுவார். அந்த மரியாதைக்கு முன்னால் நின்று முடியாது என்று சொல்வதுதான் எல்லோருக்கும் சிரமமாக இருந்தது. "அப்பச் சரிங்க, நீங்க ஊட்டுக்குப் போங்க. மெஷின் ஹால்ல இருந்து வேற ஆள வெச்சுக்கறேன்" என்றவர், திரும்பி, "அன்புச்செல்வி, இங்க வா கண்ணு" என்று கூப்பிட்டார்.

அன்புச்செல்வி நூல் முடிச்சுப் போடுகிறவள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மறுபேச்சுப் பேசாமல் பாய்லர் ரூம் வாசலுக்கு வந்துவிட்டாள். சென்னகேசவன் லாரிக்காரருக்குப் போன் போட ஆபீஸுக்குப் போனார்.

மாசாணி அதுவரை வீட்டுக்குப் போகிற எண்ணத்தில்தான் இருந்தாள். அந்தப் பெண் மூக்கைக் கட்டிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

"நீ உள்ள வராத" என்று அவளிடம் சொல்லிவிட்டு மாசாணியே உள்ளே போனாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுப்புக் கதவை முழுக்கத் திறந்தாள். சாம்பல் தள்ளும் நீளக் கம்பியைப் போட்டு, எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். முகம் தீய்ந்துவிடும் போலிருந்தது. வெளியே ஓடி வந்து மூச்சு விடுவாள், மறுபடியும் உள்ளே போவாள். கடைசித் தணல் வரைக்கும் தரையில் இழுத்துப் போட்டு ஹோஸ் பைப்பைத் திருப்பிவிட்டாள். தணல் சீறி அடங்கியது.

கொஞ்ச நேரத்தில் ஹாலில் உருளைகள் ஆறத் தொடங்கின. ஓடிக்கொண்டிருந்த பாவு காயாமல் உருளையில் கஞ்சியோடு ஒட்டிக்கொண்டது. யாரோ மெஷினை நிறுத்தினார்கள்.

"என்னங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க?" சென்னகேசவன் ஆபீஸிலிருந்து ஓடி வந்தார்.

"அணைச்சுப்போட்டனுங்க."

"நாளைல இருந்து வர வேண்டாமுங்க" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அன்புச்செல்வி வீடு தேடி வந்தாள். "எல்லாரு முன்னாலயும் மன்னிப்புக் கேட்டா மறுபடியும் சேத்திக்கறாராம். உங்ககிட்டச் சொல்லச் சொன்னாருங்க அக்கா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்புச்செல்வி போனதும் மாசாணியின் புருஷன் சென்னியப்பன் மெதுவாக ஆரம்பித்தான். அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். சண்டை சச்சரவு அவனுக்கு ஆகாது.

"ஒரு வார்த்தைதான புள்ள. சொன்னா வாய் தேஞ்சா போயிரும்?"

"தப்புப் பண்ணியிருந்தா நடுரோட்டுல நின்னு கேப்பனுங்க. என்ன தப்புப் பண்ணுனேன்? நீங்க சொல்லுங்க."

அவன் ஆட்டோ சாவியை எடுத்துக் கையில் உருட்டினான்.

"எங்கய்யன் பண்ணையத்துல வேலைக்கு இருந்தப்ப, தப்பு யாரு பண்ணுனாலும் மன்னிப்பு அவருதான் கேப்பாரு. துண்டைக் கக்கத்துல வெச்சுட்டுக் கேப்பாரு. எனக்கு அது வாயில வர மாட்டேங்குதுங்க."

சென்னியப்பன் எழுந்து போய் ஆட்டோவைத் துடைக்க ஆரம்பித்தான். மறுநாள் காலையில் அவளை மில் கேட்டுக்குக் கொண்டுபோய் விட்டதும் அவன்தான்.

வேலைக்குப் போகிற சேலையிலேயே, மேலே பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அவள் கேட்டுக்கு வெளியே நின்றாள். சென்னகேசவனின் கார் வந்தது. கண்ணாடி இறங்கியது.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா அம்மணி?"

"வேலைக்கு வந்தனுங்க."

"மன்னிப்புக் கேட்டீங்கன்னா உள்ள வரலாமுங்க."

"ஃபேன் ஓடுச்சுன்னா உள்ள வாரனுங்க."

கண்ணாடி ஏறியது. அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த நாள் கண்ணாடி இறங்கவேயில்லை. போகிற வருகிறவர்கள் பார்ப்பார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறாள் என்று நினைத்துச் சிலர் நேரம் கேட்பார்கள். வெயில் ஏறினால் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வாள். பயமில்லாமல் இல்லை. சுற்று வட்டாரத்தில் எந்த மில்காரரும் இனிக் கூப்பிட மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த வெளுத்த உதடு நினைவுக்கு வந்தது. எழுந்து கிளம்பிவிடுவாள்.

மில் ஓடவில்லை. அணைந்த பாய்லரை ஆபரேட்டர் இல்லாமல் மறுபடி பற்றவைக்க முடியாது. அவிநாசியிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அவர் நின்றுபோன ஃபேனையும் கறுத்துக் கிடந்த சுவரையும் பார்த்துவிட்டு, வந்த பைக்கிலேயே திரும்பிவிட்டார்.

கடைசியில் திருமூர்த்தி வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆள், இரண்டு சுற்று இளைத்திருந்தார். நேராக உள்ளே போவார் என்றுதான் மாசாணி நினைத்தாள். அவர் கேட்டுக்கு வெளியிலேயே, அவள் பக்கத்தில் வந்து நின்றார். "ஒரு மாசமா நான் வாயத் தொறக்கல பாருங்க" என்றார்.

சென்னகேசவன் கேட் வரைக்கும் நடந்தே வந்தார். "வாங்க திருமூர்த்தி, பத்தவெச்சரலாம்."

"ஃபேன் வரட்டுங்க. இவங்களும் உள்ள வரட்டுங்க. பத்தவெக்கறேன்."

நாள்கணக்காக ஓடாத மில் அவருக்குப் பின்னால் சத்தமில்லாமல் கிடந்தது. சென்னகேசவன் அங்கேயே நின்று கணபதி ஏரியாவிலுள்ள ஃபேன் பட்டறைக்குப் போன் போட்டார்.

புது ஃபேன் லாரியில் வந்து இறங்கியது. பட்டறை ஆட்கள் புகைக்குழாயைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, ஃபேனைப் பூட்டி, ஓட்டிக் காட்டினார்கள். ஹாலில் இருந்த பெண்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். மாசாணியைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். அவள் முற்றத்தின் நடுவே வந்து நின்றாள்.

"நீங்க கேட்டபடி ஃபேன் வந்துருச்சு" என்றார் சென்னகேசவன். "நான் ஒரு படி எறங்கிட்டேனுங்க. அத்தனை பாவும் வீணாப் போச்சு. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வேலையப் பாருங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சென்னியப்பன் கேட்டுக்கு வெளியே ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சொல்லிவிட்டால் நன்றாக இருக்குமோ என்று ஒரு கணம் அவளுக்கே தோன்றியது. அன்று மூக்கைக் கட்டியிருந்த துப்பட்டா அன்புச்செல்வியின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாவு வீணாப் போனது எனக்கும் வருத்தந்தானுங்க மொதலாளி" என்றாள். "ஆனா நாளைக்கே ஃபேன் நின்னு, புகைக்குள்ள ஆளை அனுப்புனீங்கன்னா, மறுபடியும் தீய இழுத்துத்தான் போடுவனுங்க. அதுக்கும் சேத்தி இப்பவே மன்னிப்புக் கேட்டறட்டுங்களா?"

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். சென்னகேசவன் முகம் சிவந்தது. ஆபீஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை.

மாசாணி உள்ளே போனாள்.

திருமூர்த்தி சுவிட்சைப் போட்டார். புது ஃபேன் ஓடத் தொடங்கியது. தீ பிடித்ததும் சுவாலை பின்பக்கமாகச் சாய்ந்து புகைக்குழாய்ப் பக்கம் ஓடியது. கதவைத் திறந்தே வைத்தாலும் ஒரு இழை புகை வெளியே வரவில்லை. மாசாணி அடுத்த கட்டையைத் தள்ளினாள். ஃபேன் சத்தத்தில் பேசினாலும் கேட்டிருக்காது.

அதன்பிறகு சென்னகேசவன் அவளிடம் வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர வேறு பேசியதில்லை. அதற்காக அவள் வருத்தப்பட்டதுமில்லை. மறுவாரம், ஹாலில் கஞ்சி காய்ச்சும் தொட்டிக்கு மேல் வெகுநாளாக ஓடாமல் கிடந்த எக்ஸாஸ்ட் ஃபேனைப் பற்றிக் கேட்பதற்குப் பெண்கள் கூட்டமாக ஆபீஸுக்குப் போனார்கள். மாசாணியைக் கூப்பிட வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. கதவைத் தட்டியது அன்புச்செல்வி.