பெரம்பலூர் மாப்பிள்ளையின் இங்கிலீஷ் கடிதம்

ஆண்டிமடம் அய்யம்பெருமாளுக்கு வந்த கடிதம் ஒரே ஒரு பக்கம்தான். அந்த ஒரு பக்கம் மனுஷனை நாலு நாளாகப் போட்டு வாட்டி எடுத்தது. பெண் பார்த்துவிட்டுப் போன பெரம்பலூர் மாப்பிள்ளை பழனிவேல், தன் பதிலை இங்கிலீஷில் எழுதி அனுப்பியிருந்தான். பெண்ணைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதுதான் விளங்கவில்லை.

தரகர் வேணுகோபால் முன்பே சொல்லியிருந்தார். மாப்பிள்ளை பி.ஏ., ஆபீஸில் டைப்பிஸ்ட். சீட்டு கிடையாது, சிகரெட் கிடையாது. அகராதியைப் புரட்டி நாளைக்கு ஒரு அபூர்வமான வார்த்தை எடுத்து, நோட்டில் அர்த்தம் எழுதி, அதை வைத்து ஒரு வாக்கியமும் அமைப்பது ஒன்றுதான் பழக்கம். தங்கமான பழக்கம் என்று அன்றைக்கு அய்யம்பெருமாளும் தலையாட்டினார். அந்த வாக்கியமெல்லாம் தன் தலையில் வந்து விடியும் என்று அவர் என்ன கனவா கண்டார்?

அவசரமும் இருந்தது. மீன்சுருட்டியிலிருந்து இன்னொரு இடம், வெள்ளிக்கிழமை தட்டோடு வந்து பேசி முடிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பெரம்பலூர்க்காரன் சரி என்றிருந்தால் அவர்களை வரவேண்டாம் என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்றிருந்தால் வந்த இடத்தை விடக் கூடாது.

திங்கட்கிழமை கடிதத்தைப் போஸ்ட் மாஸ்டர் முத்துசாமியிடம் கொண்டுபோனார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"பல்க்ரிட்யூட்னு எழுதியிருக்கான். சத்தத்தப் பாத்தாலே தெரியலீங்களா? திட்டுறான். பொண்ணு புடிக்கல, அவ்வளவுதான்."

அய்யம்பெருமாள் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். புதன்கிழமை மனசு கேட்காமல் கம்பவுண்டர் பாலசுந்தரத்திடம் காட்டினார்.

"லுகூப்ரியஸ்... இப்படி வாயில நுழையாத பேரெல்லாம் வியாதிங்க. தனக்கு வியாதி இருக்குன்னு மறைக்காம எழுதிட்டாரு. அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன்" என்றார் கம்பவுண்டர்.

"அப்ப திட்டலீங்களா?"

"வியாதிக்காரரு எதுக்குங்க திட்டப்போறாரு?"

அய்யம்பெருமாளுக்கு மண்டை காய்ந்தது. திட்டுகிறவன் வியாதியை எதற்குச் சொல்கிறான்? வியாதிக்காரன் எதற்குப் பெண் பார்க்க வந்தான்? இத்தனைக்கும் 'தெரியாது' என்ற சின்னத் தமிழ் வார்த்தை, படித்த அந்த இரண்டு பேர் வாயிலும் வரவில்லை. நல்ல படிப்பு!

வியாழக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் மனைவி சின்னம்மாள் பொறுமை இழந்தாள்.

"ஊரெல்லாம் படிச்சாச்சு. வூட்டுல பதினொண்ணு வரைக்கும் படிச்சவ ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கா. அவ கண்ணுல மட்டும் படக் கூடாதா?"

மகள் மலர்கொடி எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் முதல் மார்க்கு. பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கொடுத்த அகராதி அலமாரியில்தான் இருந்தது. அய்யம்பெருமாளுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் பேச்சு முடிகிற வரைக்கும் கல்யாணக் கடிதத்தைப் பெண் தொடக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். சின்னம்மாளையும் அப்படித்தான் அவருக்குக் கட்டிவைத்தார்கள்.

அன்றைக்கு வழக்கத்தைவிடக் குழப்பம் பெரிதாக இருந்தது. கடிதத்தை நீட்டினார்.

மலர்கொடி விளக்கருகே உட்கார்ந்து அகராதியைப் புரட்டினாள்.

"பல்க்ரிட்யூட்னா அழகுப்பா."

"அழகா? திட்டு இல்லியா?"

"இல்லப்பா." அவள் காது சிவந்துவிட்டது. அடுத்த வார்த்தைக்குப் போனாள். "லுகூப்ரியஸ்னா அழுமூஞ்சி. ஆந்தைக்கு லுகூப்ரியஸான முகம்னு அகராதியில வாக்கியமே போட்டிருக்கு. அவரு தன்னத்தான் சொல்லிக்கிறாரு. டாசிட்டர்னும் அவருதான், வாய் தொறக்காத ஆளுன்னு அர்த்தம்."

பெண் பார்க்க வந்த அன்றைக்கு, கொடுத்த காப்பியைக் குடித்து முடிக்கும்வரை மாப்பிள்ளை தரையையே பார்த்துக்கொண்டிருந்தது அய்யம்பெருமாளுக்கு ஞாபகம் வந்தது. "சரி, முடிவா என்னதான் சொல்றாரு?"

கடைசி வரிக்கு மலர்கொடி வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். அகராதியை இரண்டு இடத்தில் பார்த்தாள். பிறகு மூடிவைத்தாள்.

"அஸர்டெய்ன்னா கேட்டுத் தெரிஞ்சுக்கிறது. வொலிஷன்னா சொந்த விருப்பம். அவருக்குச் சம்மதமாம். ஆனா பெரியவங்க முடிவு பண்ணா மட்டும் தாலி கட்ட மாட்டாராம். பொண்ணுக்கு விருப்பமான்னு அவகிட்ட கேட்டு எழுதச் சொல்லியிருக்காரு."

அய்யம்பெருமாள் கடிதத்தை வாங்கி அந்தக் கடைசி வரியைத் தானும் ஒருமுறை பார்த்தார்.

"நாலு நாளா எல்லாருகிட்டயும் கேட்டீங்களேப்பா" என்றாள் மலர்கொடி. கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவருக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக வளர்த்த பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்றுகூடத் தெரியவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. சின்னம்மாளைப் பார்த்தார். அவள், கேளுங்க என்பதுபோல நின்றாள்.

"ஏம்மா... ஒனக்கு விருப்பமா?"

மலர்கொடி தலை குனியவில்லை. "மீன்சுருட்டிக்காரங்கள வர வேணாம்னு சொல்லி அனுப்புங்கப்பா" என்றாள். "எனக்கு ஒரு கவர் வாங்கியாங்க. பெரம்பலூருக்கு நானே பதில் எழுதுறேன்."

"இங்கிலீஷ்லயாம்மா?"

"தமிழ்லதான். அவராவது யாருகிட்டயும் கேக்காம படிக்கட்டும்."