பெல்ச்சரின் ஆமென்

யாபேஸ் பெல்ச்சர் உயிரோடு இருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் தாமரிஸ் பிசைந்த மாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். வழிநெடுகக் கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டு போனவள், ஸ்டோக்லி தேவாலயத்து வாசலுக்கு வந்த பிறகுதான் மீதிச் செய்தியைக் கேட்டாள். தன் புருஷன் உயிரோடு இருப்பது கைதிகளின் நடுவில்.

ராஜாவுக்கும் பார்லிமென்டுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. வசந்த காலத்தில் பார்லிமென்டுப் படையிலிருந்து அவனைப் பிடித்துப் போனவர்கள் ராஜாவின் ஆட்கள். நேற்றைய சண்டையில் ராஜாவின் படை சிதறி ஓட, பார்லிமென்டுப் படை வளைத்துப் பிடித்த கூட்டத்தில் அவனும் அகப்பட்டான். உடம்பில் ராஜா படையின் நீலக் கோட்டு. தன் கோட்டைப் பிடுங்கிக்கொண்டு செத்தவன் ஒருவனின் கோட்டைக் கொடுத்தார்கள் என்று சொன்னானாம். பிடிபட்டவன் வேறு என்ன சொல்வான்? ராஜாவின் ஆள் என்றால் சிறையோடு போகும். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாவியவன் என்றால் தூக்கு. கல்லறைத் தோட்டத்து ஓக் மரத்தில் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

"பயப்படாதே தாயி," என்றான் வாசலில் நின்ற கிழட்டுச் சிப்பாய். "உங்க ஊரு போதகர்தான் உள்ள சோதிச்சுக்கிட்டிருக்காரு. உன் புருஷன் கழுத்து நேரா நின்னாப் போதும்."

அந்தச் சோதனை போதகர் நெகேமியா ஸ்பாரோ ஐயரின் சொந்த யோசனை. பழைய சபை முறையில் ஊறியவன், இயேசுவின் பெயர் காதில் விழுந்ததும் தன்னையறியாமல் தலை குனிவான். பார்லிமென்டுப் பக்கத்துத் தூய சபையார் அதை விக்கிரக வணக்கத்தோடு சேர்த்து ஒதுக்கியவர்கள். கழுத்தை வெட்டினாலும் குனிய மாட்டார்கள். ராஜாவின் ஆட்களோடு மாதக்கணக்கில் நின்று அவர்கள் ஜெபத்தில் கலந்தவனுக்குக் கழுத்து பழகியிருக்கும் என்று ஐயர் தளபதி ஹோல்ராய்டிடம் அடித்துச் சொல்லியிருந்தார்.

உள்ளே வண்ணக் கண்ணாடிகள் எல்லாம் போன வருஷமே உடைபட்டுவிட்டதால் வெயில் தாராளமாக விழுந்தது. கைதிகள் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் யாபேஸ். தாடி மண்டி, இளைத்து, கண் சிவந்து. விடியும்வரை நடத்தியே கூட்டி வந்திருக்கிறார்கள். தாமரிஸைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. அவள் கிட்டே போகப் பார்த்தாள். சிப்பாய் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"பெல்ச்சர் என் சபையோட தூண், தளபதி," என்றார் ஐயர். "இவனுக்குச் சோதனையே வேண்டாம். ஆனாலும் முறைன்னு ஒண்ணு இருக்கே."

வேதத்தில் பிலிப்பியர் நிருபத்தைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தார். ஏறாமல் இறங்காமல், மூக்கு வழியாக வரும் அதே குரல். தாமரிஸ் யாபேஸின் கண்களையே பார்த்தாள். ஐயோ, இந்தக் குரலா!

இயேசுவின் பெயர் வந்தது. யாபேஸின் தலை மெதுவாகச் சரிந்து மார்பில் போய் முட்டி நின்றது.

ஐயர் வாசிப்பை நிறுத்தினார். "என் மந்தையிலேயா?" என்றார். தளபதி சலிப்போடு வாசலைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டு பேர் யாபேஸை நோக்கி நடந்தார்கள்.

"நில்லுங்க!" என்று கத்தினாள் தாமரிஸ். "அவரு குனியல. தூங்குறாரு!"

"தூங்குறாரா?"

"ஆமாங்க தளபதி. ஐயர் வாயத் தொறந்தா எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு சொக்கிடும். கல்யாணமான நாள்லேர்ந்து இதே கதைதான்."

ஐயரின் முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்தது. "பொய்! கண்ண மூடிக்கிட்டு ஜெபத்தோட கேக்குற மனுஷன்னு இவனைப் பிரசங்க பீடத்துல நின்னே புகழ்ந்திருக்கேன்!"

"புகழ்ந்தீங்க ஐயரே. ஊரே எங்கள அண்ணாந்து பாத்துச்சு. அப்புறம் நான் எப்படி வாயத் தொறக்குறது?"

"அப்போ நடுநடுவுல அடிவயித்துலேர்ந்து ஆமென்னு சொல்வானே, அது?"

தாமரிஸ் தலையைத் தாழ்த்திக்கொண்டு, கழுத்துத் துணியில் குத்தியிருந்த குண்டூசியை உருவிக் காட்டினாள்.

கைதிகளில் ஒருத்தன் வாய்விட்டுச் சிரித்தான். "நம்புங்க தளபதி! எங்க கூடாரத்துல இவன் குறட்டையால ஒருத்தனும் கண்ணு மூடல. இப்படிப்பட்டவனை எங்க ராஜா காசு குடுத்தாலும் சேத்துக்க மாட்டாரு."

"உன்னைய யாருடா கேட்டது?" என்ற தளபதி, உதட்டைக் கடித்துக்கொண்டார். "ஐயரே, இயேசு பேரே வராத அதிகாரம் ஏதாவது வாசிங்க. பாத்துடுவோம்."

யாபேஸை உலுக்கி எழுப்பி நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். அவன் மலங்க மலங்க விழித்தான். ஐயர் நாளாகமத்தைப் பிரித்து, யார் யாரைப் பெற்றான், அவன் யாரைப் பெற்றான் என்று விறைப்பாக வாசித்தார். நாலாவது தலைமுறை பிறப்பதற்குள் யாபேஸின் தலை மறுபடியும் மார்புக்குப் போய்விட்டது. தளபதியே ஒரு கொட்டாவியைக் கையால் மூடினார்.

"இப்ப குத்தும்மா."

ஈட்டி விலகியது. தாமரிஸ் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருவது போலவே. தொடையில் அளவாக ஒரு குத்து.

"ஆமென்!"

கூரைவரை போய் இடித்துத் திரும்பியது அந்தச் சத்தம். கண் இன்னும் திறக்கவில்லை. முகத்தில் மட்டும் பரலோகத்தையே பார்த்துவிட்டது போன்ற பரவசம்.

கைதிகளும் காவலர்களும் சேர்ந்தே சிரித்தார்கள். சிரிக்காதவர் ஐயர் மட்டுந்தான். எத்தனை ஞாயிறு அந்த ஆமெனைக் கேட்டு உற்சாகமாகி இன்னும் அரை மணி நேரம் நீட்டியிருப்பார்! இது நான் சபையில் கேட்ட ஆமென் இல்லை என்று சொல்லிவிடலாம். மானம் தப்பும், பெல்ச்சர் தொங்குவான். தாமரிஸ் அவரையே பார்த்தாள்.

ஐயர் வேதத்தை மூடினார்.

"இது பெல்ச்சரோட ஆமென்தான்," என்றார். "எங்க கேட்டாலும் எனக்குத் தெரியும். இவன் மாறவே இல்ல, தளபதி. விட்டுடுங்க."

தாமரிஸ் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். யாபேஸ் விழித்து, "என்ன ஆச்சு? பிரசங்கம் முடிஞ்சிருச்சா?" என்றான்.

வாசலில் ஐயர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏம்மா, பொதுவா எந்த இடத்துல தூங்க ஆரம்பிப்பான்?"

தாமரிஸ் தயங்கினாள். ஆனால் உண்மையைச் சொல்லத் தொடங்கியாகிவிட்டது. "'பிரியமானவர்களே'ன்னு ஆரம்பிப்பீங்களே ஐயரே, அதுலதான்."

ஐயர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஊர்ப்பக்கம் போன ஒரு வைக்கோல் வண்டியில் இடம் கிடைத்தது. ஓக் மரத்தைத் தாண்டும்போது யாபேஸ் கயிற்றைப் பார்த்தான். "யாருக்கு அது?"

"யாருக்கும் இல்ல," என்றாள் தாமரிஸ். "நீங்க சாஞ்சுக்குங்க."

அவன் அவள் தோளில் சாய்ந்தான். வண்டி குலுங்கக் குலுங்கக் குறட்டை எழுந்தது. அவள் குண்டூசியைக் கழுத்துத் துணியில் பத்திரமாகக் குத்திக்கொண்டு, ஊர் வரும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனாள்.