ஓடுவதற்கு வேண்டிய சத்தம்

"குத்துற ஐயா, தூரத்தில வரக்குள்ளேயே உங்கட சைக்கிள் மணிய அடிச்சா என்ன?"

பனிச்சங்கேணிப் பள்ளிக்கூடத்து வேம்பின் கீழே, கீறல் பட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு நின்ற ஆச்சிப்பிள்ளை இப்படிக் கேட்டாள். அவளுக்கு ஏழு வயது. பெயருக்குத்தான் எழுபது.

"அடிச்சா உனக்கு என்ன லாபம் புள்ள?" என்றார் நல்லரத்தினம்.

"நாங்க ஓடுறத்துக்கு நேரம் கிடைக்குமே."

அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அம்மை நோய் வராமல் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளின் கையில் அம்மைப்பால் குத்துவது அவருடைய அரசாங்க உத்தியோகம். அவரைக் கண்டு ஓடிய பிள்ளைகள் ஏராளம். ஓடுவதற்கு அவரிடமே உதவி கேட்ட பிள்ளை இவள் ஒருத்திதான்.

அடுத்த கிழமை குத்திய கைகளைப் பார்க்கப் போனபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பால் உயிரோடு இருந்தால் கீறிய இடத்தில் கொப்புளம் எழும்ப வேண்டும். ஒரு கையிலும் எழும்பவில்லை. கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் அந்தப் பால் வெயிலைத் தாங்காது. மட்டக்களப்பிலிருந்து சைக்கிளில் புறப்பட்டு, ஓட்டமாவடி தாண்டி, மணலில் உருட்டித் தள்ளி, மாங்கேணியில் படுத்தெழும்பிப் பனிச்சங்கேணி சேரும்போது மறுநாள் நடுப்பகலாகிவிடும். உயிருள்ள பாலோடு புறப்பட்டவர், செத்த பாலைக் குத்திவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பிள்ளைகள் அழுததெல்லாம் வீண்.

வடக்கே ஒரு ஊரில் அம்மை கண்டதாகப் பேச்சு அடிபட்டது. மாரி தொடங்கிவிட்டால் தை மாதம் வரை அந்தப் பாதையில் போக முடியாது. மழைக்கு முன், ஒரே காலைப்பொழுதில், பால் சாகாமல் போய்ச்சேர வேண்டும். மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

அந்த நாளில் மட்டக்களப்புச் சுற்றுவட்டாரத்தில் விலைக்கு வந்திருந்தவை இரண்டே வண்டிகள். ஒன்று சீமைக்குத் திரும்பும் தென்னந்தோட்டத்துத் துரையுடையது. மற்றது காத்தான்குடிப் புடைவை வியாபாரி சாலிஹுடையது. இரண்டையும் பார்க்க நல்லரத்தினம் தன் மனைவி புஸ்பத்தையும் அவளுடைய அண்ணன் வினாயகமூர்த்தியையும் அழைத்துப் போனார். வினாயகமூர்த்தி பார்த்துச் சொல்லாமல் அவர்களுடைய வயல் வட்டையில் யாரும் ஏர் மாடு வாங்குவதில்லை. மோட்டார் சைக்கிளும் ஆளைச் சுமக்கிற சாமான்தானே என்று அவர் துணிந்து வந்தார்.

துரையின் வண்டி பெரியது. பக்கத்தில் ஓர் ஆள் இருக்கக்கூடிய பெட்டியும் அதற்கு உண்டு. வினாயகமூர்த்தி அதைச் சுற்றி வந்தார். பின்னால் நின்று பார்த்தார். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தார். ஆசனத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அது துள்ளுகிறதா என்று காத்து நின்றார்.

"ஒத்தக் கண்ணன்," என்றார் முன்விளக்கைக் காட்டி.

"எல்லாத்துக்கும் ஒரு விளக்குத்தான் மச்சான்."

"அப்ப இந்தச் சாதியே குறைச்சாதி. என்ன திண்ணும்?"

"பெற்றோல்."

"வைக்கோல் ஒத்துக்காதாக்கும்."

துரையின் ஆள் வண்டியை உதைத்தான். அது எழுப்பிய சத்தத்தில் வளவிலிருந்த கோழிகள் கூரைக்குப் பறந்தன. வினாயகமூர்த்தி ஒரு தென்னைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மச்சான், இது குத்துற மாடு. கொம்பு மட்டுந்தான் இல்ல," என்றார். கோட்டைமுனையில் உதைத்தால் கல்லடியில் கேட்கும் என்று துரையின் ஆள் பெருமையாகச் சொன்னான்.

இதற்கிடையில் புஸ்பம் பக்கப் பெட்டிக்குள் ஏறி இருந்துவிட்டாள்.

"எழும்பு புஸ்பம், போவம்."

"ஏன் எழும்ப? மாமாங்கத் திருவிழாவுக்கு இதிலயே போகலாம். வெயிலுக்குக் குடையும் பிடிக்கலாம்."

"நான் வேலைக்கு வாங்கிறன்."

"நீங்க வேலைக்குப் போங்க. நான் இதுக்குள்ள இரிக்கன்."

அவளை இறக்குவதற்கு அண்ணனும் கணவனும் சேர்ந்து வேண்டியிருந்தது.

காத்தான்குடியில் சாலிஹின் வண்டி சின்னது, கறுப்பு நிறம். அவர் அதை முடுக்கி, "கேளுங்க ஐயா," என்றார். பக்கத்து வீட்டில் யாரோ மா அரிப்பது போன்ற ஒரு சத்தம் வந்தது. நல்லரத்தினம் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"ஓடுதா முதலாளி?"

"ஓடுது ஐயா. நம்மட மாமிக்குப் பகல் நித்திரை முக்கியம். இரிக்கிறது அவவுட மகள்ட வீட்டுல. என்ன செய்ய? கொல்லனப் பிடிச்சி புகைக் குழாயில இன்னொரு குழாயப் போட்டு, கழட்டேலாம ஆணியும் அறைஞ்சன். ஊதுற குழலையும் கழட்டிப் போட்டன்."

"நல்லதுதானே. பிறகு ஏன் விக்கிறீங்க?"

சாலிஹ் வீட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இப்ப மாமி செல்லுறா, மருமகன் எப்ப வாறான் எப்ப போறான் எண்டு தெரியுதில்லையாம். நித்திரை வருகுதில்லையாம்."

வினாயகமூர்த்தி அதையும் சுற்றி வந்தார். "இது மாடே இல்ல, பூனை. பூனைக்குச் சுழி பாக்கிறல்ல," என்று தீர்ப்பைச் சொல்லி முடித்தார்.

நல்லரத்தினம் அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டார். அவர் காதில் ஆச்சிப்பிள்ளையின் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. ஓட நேரம் கொடுக்காத வண்டி! ஊருக்குள் பூனைபோல் நுழைந்தால் பிள்ளைகள் பற்றைக்குள் பாய்வதற்குள் பாதிப் பேரைப் பிடித்துவிடலாம். மனத்தின் ஒரு மூலையில் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால், நல்ல காரியத்துக்குத்தானே என்று அதை அமர்த்திவிட்டார். நல்ல காரியம் செய்யப் போகிறவர்களுக்கு மற்றவர்களைப் பயமுறுத்தலாம் என்ற அனுமதி எங்கிருந்துதான் கிடைக்கிறதோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

அன்று இரவுக் கறியில் உப்பு இருக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

புதுப் பால் வந்து சேர்ந்த மறுநாள் விடியல் வெள்ளாப்பில் அவர் புறப்பட்டார். பக்கப் பெட்டி கிடைக்காத கோபம் தீராவிட்டாலும், புஸ்பம் ஒரு சின்ன மண் முட்டிக்குள் குழாய்களை வைத்து, ஈரத் துணி சுற்றி, வண்டியின் பின்னால் கட்டிக் கொடுத்தாள். "துணி காஞ்சா நனைச்சுக்கங்க. அந்தப் புள்ளைகள் இன்னொரு தரம் சும்மா அழக்கூடாது," என்றாள்.

வண்டி நன்றாகவே ஓடியது. ஏறாவூர், ஓட்டமாவடிப் பாலம், மாங்கேணி. வெயில் பனைமரத்தின் பாதிக்கு ஏறுமுன்பே அவர் பனிச்சங்கேணி வாவிக் கரைக்கு வந்துவிட்டார். அங்கே இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்த, ‘பாதை’ என்று சொல்லும் மிதவையில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். பாதைக்காரர் ஆதம்பாவா கரையில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். பாதை மணலில் தட்டினால் இழுப்பதற்காக அவர் வைத்திருந்த எருமைக்கடா, பெயர் சுல்தான், இறங்குதுறையின் குறுக்கே படுத்திருந்தது.

லொறிச் சத்தம் கேட்டால் சுல்தான் தானாக எழும்பி விலகும். மா அரிக்கும் சத்தத்துக்கு எந்த எருமை எழும்பும்? நல்லரத்தினம் கடைசி நேரத்தில் வண்டியை ஒடித்தார். வண்டி மணலில் சறுக்கி, கரையோரக் கண்ணாப் பற்றையை உரசிக்கொண்டு, வாவிச் சேற்றுக்குள் இறங்கி நின்றது. அவர் வேட்டியோடு இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு, முட்டியை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

ஆதம்பாவா அவசரப்படாமல் எழுந்து வந்தார். "எங்கால தம்பி வந்த? சத்தத்தையே காணல்ல."

"சத்தமில்லாத வண்டி காக்கா," என்றார் நல்லரத்தினம், அவரை அண்ணன் முறை வைத்து.

"கள்ளனுக்குச் செஞ்சதா?"

சுல்தானை எழுப்பி, கயிற்றைக் கட்டி, ஒரே இழுவையில் வண்டியைக் கரையேற்றினார்கள். அந்த ஒரு இழுவை இல்லாமல் பகல் முழுக்க அங்கேயே நின்றிருந்தால் பால் வெயிலுக்குப் பலியாகியிருக்கும். நல்லரத்தினம் நன்றியோடு மடியைத் தடவினார்.

"எனக்கு ஒண்டும் வேணாம் தம்பி. இழுத்தது அவன். அவனோட பேசித் தீத்துக்கங்க," என்றார் ஆதம்பாவா. சுல்தான் பழையபடி இறங்குதுறையில் படுத்துவிட்டது.

அக்கரையில் எல்லாம் அவர் எண்ணியபடியே நடந்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கிட்டி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் நடுவே வண்டி வந்து நின்ற பிறகுதான் அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மூன்று பேர் கையில் அகப்பட்டு அந்த இடத்திலேயே குத்துப்பட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எண்ணியபடி ஒன்றுமே நடக்கவில்லை. அகப்பட்டவர்கள் போட்ட கூச்சலில் ஊரே கூடியது.

"போன முறை குத்தினது பிடிக்கல்ல எண்டு இந்த முறை புள்ள பிடிக்கவா வந்த நீங்க?" என்று ஒரு தாய் அகப்பையோடு வந்து நின்றாள். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் வாவிக்குள் இறங்கிவிட்டார்கள். நெஞ்சளவு தண்ணீரில், கை எட்டாத தூரத்தில், வரிசையாக நின்றார்கள். எல்லாக் கைகளும் தண்ணீருக்குள்ளே இருந்தன.

நல்லரத்தினம் கரையில் நின்று கெஞ்சினார். கற்கண்டு தருவதாகச் சொன்னார். அரசாங்கக் கச்சேரிக்கு அறிவிப்பேன் என்றும் சொன்னார். ஒரு தலையும் அசையவில்லை. துணியை நனைத்தார். சற்று நேரத்தில் மறுபடியும் நனைக்க வேண்டியிருந்தது. வெயில் வேம்பின் உச்சிக்கு வந்துவிட்டது. முட்டிக்குள் இருப்பது இந்த ஊருக்கு இந்த வருடம் கிடைக்கும் கடைசிப் பால்.

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீருக்குள் நின்ற தலைகளில் ஒன்று கொஞ்சம் கிட்டே வந்தது. ஆச்சிப்பிள்ளை.

"மணி அடிச்சிட்டு வாங்க எண்டு சொன்னன்தானே?"

"சொன்ன நீதான் புள்ள."

"மறுகா ஏன் கள்ளன் மாதிரி வந்த நீங்க?"

நல்லரத்தினம் வேட்டியில் காய்ந்திருந்த சேற்றைத் தட்டிவிட்டார். பிறகு, "நான் செஞ்சது பிழை," என்றார். அகப்பையோடு நின்ற தாய் அதைக் கீழே இறக்கினாள். உத்தியோகத்தர் ஒருவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

ஆச்சிப்பிள்ளை மற்றவர்களிடம் திரும்பிப் போய் ஏதோ பேசினாள். தண்ணீருக்குள் ஒரு சின்னக் கூட்டம் நடந்தது. திரும்பி வந்து சொன்னாள்:

"திரும்பப் போய்ச் சத்தத்தோட வாங்க. நாங்க ஓடுவம். ஓடி முடிஞ்சாப் பிறகு வாறம்."

"ஓடினா எங்க பிடிக்க?"

"பிடிக்க வேணாம். நாங்களா வருவம். ஆனா, முதல்ல ஓட வேணும்."

எந்தப் பெரியவர் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார். பாதையடிக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போனார். தோணிக்குள் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய்த் தகரத்தை ஆதம்பாவாவிடம் வாங்கி, உள்ளே கை நிறையச் சரளைக்கல் போட்டு, வண்டியின் பின்னால் கட்டினார்.

"எங்க தம்பி, கலியாண ஊர்வலமா?" என்றார் ஆதம்பாவா.

"ஓம் காக்கா. மாப்பிள்ளைக்கு ஊசி."

தகரம் குலுங்கக் குலுங்க அவர் ஊருக்குள் வந்தார். நாய்கள் குரைத்தன. மாடுகள் விலகி வழிவிட்டன. பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடினார்கள். அது பயத்தில் ஓடுகிற ஓட்டமாக இல்லை. கோயிலைச் சுற்றினார்கள், பள்ளிக்கூடத்தைச் சுற்றினார்கள், கடைசியில் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி வேம்பின் கீழே வந்து விழுந்தார்கள். ஆச்சிப்பிள்ளை முதல் ஆளாகக் கையை நீட்டினாள். கண்களை மட்டும் இறுக மூடிக்கொண்டாள். காலையில் அகப்பட்ட மூவரும், தாங்கள் ஓடாமலே குத்துப்பட்டது அநியாயம் என்று சொல்லி, தனியாக ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தார்கள்.

எட்டாம் நாள் அவர் மறுபடி போனார், தகரத்தோடுதான். தூரத்தில் சத்தம் கேட்டதுமே சுல்தான் எழும்பி வழிவிட்டது. ஊரில் ஒவ்வொரு கையிலும் கொப்புளம் வட்டமாக எழும்பியிருந்தது. ஆச்சிப்பிள்ளை தன்னுடையதைப் புதுக் காப்பைக் காட்டுவதுபோல் காட்டினாள்.

"அடுத்த வருசமும் ஓடலாமா ஐயா?"

"உனக்கு இனிக் குத்தத் தேவையில்ல புள்ள."

அவள் முகம் வாடிவிட்டது. "குத்த வேணாம். ஓடினா மட்டும் காணும்," என்றாள்.

பின்னேரம் ஆதம்பாவா அவரை இக்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அசர்த் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. வாவியில் கைகால் கழுவிவிட்டு, பூவரச மரத்தடியில் பாயை விரித்து, மேற்கே பார்த்து நின்றார். நல்லரத்தினம் வழக்கம்போல் வண்டியை உதைத்து, தகரம் அதிர அதிரப் போனார்.

பனங்கூடலின் திருப்பம் தாண்டியதும் இறங்கினார். மறுபடி புறப்படும்போது குலுங்காதபடி, முகம் துடைக்கும் தன் லேஞ்சியை எடுத்துத் தகரத்துக்குள் திணித்துக் கற்களை அடக்கினார். அன்றைய இழுவைக்குக் கூலியாகக் காலையில் ஏறாவூர்ச் செக்கடியில் வாங்கிய எள்ளுப் பிண்ணாக்கைச் சாக்கோடு தோளில் வைத்துக்கொண்டு, செருப்பையும் கழற்றிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார்.

ஆதம்பாவாவின் முதுகு மரத்தடியில் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. வாவியில் ஒரு தோணியும் இல்லை. இறங்குதுறையில் படுத்திருந்த சுல்தானின் முன்னால் சாக்கை விரித்து, பிண்ணாக்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து வைத்தார். கடா ஒருமுறை அவரை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு தின்னத் தொடங்கியது. அது தின்று முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே குந்தியிருந்து, அதன் கழுத்தில் காய்ந்திருந்த சேற்றை விரலால் உதிர்த்துவிட்டார்.

கடைசித் துண்டும் முடிந்தபின் சாக்கை உதறி மடித்தார். சிந்திக் கிடந்த துகள்களை மணல் தள்ளி மூடிவிட்டு, வந்ததுபோலவே சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.