எலாதியோவுக்குப் பக்கத்தில் நாலரை மணி நேரம்

செவில்லா நகரத்தின் எர்க்குலிஸ் தூண்களிலிருந்து பேராலயத்துக்கு இருபது நிமிட நடை. வழியில் ஒரு கிளாஸ் பீர் என்றால் நாற்பது. என்னோடு வந்தால் ஒரு மணி நேரம், ஏனென்றால் நான் ஒரு கிளாஸோடு நிறுத்துகிறவன் அல்ல. ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்துப் புதன்கிழமை எங்கள் சபை அதே தூரத்தை ஊர்வலமாக நாலரை மணி நேரத்தில் கடக்கும். ஊதா அங்கி, தலையில் முழ உயரக் கூம்பு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்ட முகத்திரை, இடுப்பில் முட்டுக்கொடுத்த நெஞ்சுயர மெழுகுவர்த்தி. பத்தடி நடந்தால் பத்து நிமிடம் நிற்க வேண்டும். பேசக் கூடாது. திரையைத் தூக்கக் கூடாது. வரிசையை விட்டு விலகக் கூடாது. பக்கத்தில் நல்ல மனிதன் நின்றாலே கஷ்டம். இந்த வருடம் என் பக்கத்தில் நின்றவன் என் மனைவியின் தம்பி எலாதியோ.

இரண்டிரண்டு பேராகப் போவோம், சபையில் சேர்ந்த தேதி வரிசைப்படி. எலாதியோவும் நானும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். எங்கள் அப்பாக்கள் எங்கள் பெயர்களை ஒரே காலையில் சபையில் பதியக் கிளம்பினார்கள். அவன் அப்பா வழியில் காபி குடிக்க நின்றதால் என் பெயர் முதலில் ஏறியது. வாழ்க்கையில் நான் எலாதியோவை முந்திய ஒரே இடம் அதுதான்.

எங்களுக்குள் பேச்சு நின்று ஏழு வருடம் ஆகிறது. அதில் ஆறு ஊர்வலத்திலும் நான் ஒரு ஜோடியின் இரண்டாவது ஆளாகவும் அவன் அடுத்த ஜோடியின் முதல் ஆளாகவும் விழுந்தோம். அவன் பார்வை என் முதுகில் துளை போட்டதோடு சரி. இந்தக் குளிர்காலத்தில், எங்களுக்கு முன்னால் நடக்கிற தோன் கசிமீரோ தொண்ணூற்று நான்கு வயதில் கண்ணை மூடினார். வரிசை ஓர் ஆள் நகர்ந்தது. கோவில் கதவில் ஒட்டிய பட்டியலில் என் பெயரும் அவன் பெயரும் தோளோடு தோள் நின்றன.

சண்டைக்குக் காரணம் மழை. ஏழு வருடம் முன்பு ஊர்வலத்தன்று மேகம் கட்டியிருந்தது. புறப்படலாமா வேண்டாமா என்று நிர்வாகக் குழுவில் வாக்கெடுப்பு. நாலுக்கு நாலு. கடைசிக் கை என்னுடையது. முப்பது வருடமாகத் தண்ணீரோடு குடித்தனம் நடத்தும் பிளம்பர் நான். “வராது” என்று கையைத் தூக்கினேன். புறப்பட்டோம். பாதி வழியில், கம்பானா முனையில் வானம் பிளந்தது. மாதாவின் தங்கச் சரிகை மேலங்கி தரை துடைத்த துணி மாதிரி கோவிலுக்குத் திரும்பியது. எலாதியோ அத்தனை பேர் நடுவிலும் நின்று, குழாயைத் தவிர எதையும் பார்க்கத் தெரியாத கழுதை என்றான். நான் திருப்பிச் சொன்னதைக் கோவிலில் சொல்லியிருக்கக் கூடாது. அந்த இலையுதிர் காலத்தில் அவன் மனைவி சோலேதாத் இறந்தாள். அடக்கத்துக்கு நான் போகவில்லை.

இப்போது என் மகள் நியேவெஸ்ஸுக்குக் கல்யாணம், ஈஸ்டர் முடிந்த மூன்றாம் சனிக்கிழமை. எலாதியோ அவளுடைய ஞானத்தகப்பன். பூசையில் வாசகம் படிக்க மாமாதான் வர வேண்டும் என்று அவள் வேறு யாரையும் கேட்காமல் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறாள். அழைப்பிதழ் இரண்டு முறை தபாலில் போயிற்று. இரண்டு முறையும் பிரிக்காமல் திரும்பி வந்தது.

பட்டியலைப் பார்த்துவிட்டு வந்த அன்று என் மனைவி கார்மேலா சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்து எதிரில் நின்றாள்.

“கடவுளே அவனக் கொண்டுவந்து உன் பக்கத்துல நிறுத்தியிருக்காரு.”

“நிறுத்தினது தோன் கசிமீரோ.”

“இப்படிப் பேசித்தான் ஊர்ப் பகையெல்லாம் வாங்கி வெச்சிருக்க. இங்க பாரு அன்செல்மோ, நேர்ல கேளு. என் கூடப் பிறந்தவன் வரலேன்னா நான் பூசைக்கு வருவேன், விருந்துக்கு வரமாட்டேன். பொண்ணுகிட்ட காரணத்த நீயே சொல்லிக்கோ.”

ஆக, நாலரை மணி நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கல்யாணத்துக்கு வா. நான்கு வயதுக் குழந்தை சொல்லிவிடும்.

பகல் ஒரு மணிக்குப் புறப்பட்டோம். தூண்கள் இருக்கும் அந்த நீளச் சதுக்கத்தில் எள் போட இடமில்லை. துடைத்து வைத்த மாதிரி நீல வானம். முதல் நிறுத்தத்திலேயே பக்கத்துத் திரைக்குள்ளிருந்து ஏழு வருடத்தில் முதல் குரல் வந்தது.

“குடை எடுத்துட்டு வந்தியா?”

ஒரு வாக்கியம், ஒரே வாக்கியம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

“இல்ல, உன்னோட ஞானதிருஷ்டி இன்னிக்கு என்ன சொல்லுதுன்னு கேட்டேன்.”

“குரல் நல்லா வருதே,” என்றேன். “இருமல் மருந்த உன் கடையில வாங்கலபோல.”

அவனுக்கு மருந்துக்கடை. அவன் மெழுகுவர்த்தி மெல்லச் சாய்ந்தது. கொதிக்கும் மெழுகு செருப்பு வாரின் இடைவெளி பார்த்து என் கால்விரலில் விழுந்தது. நான் முழங்கையால் அவன் விலாவை விசாரித்தேன். எங்கள் பகுதிக்குப் பொறுப்பாளர் இலாரியோ வெள்ளிக் கோலைத் தட்டிக்கொண்டு வந்தார். பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிற மனிதர், வருடத்தில் இந்த ஒரு நாள் மூடச் சொல்வார்.

“இன்னொரு தடவை சத்தம் கேட்டா ரெண்டு பேரும் வெளியே.”

த்ராகானோ தெருவில் நுழைந்ததும் இரண்டு பக்கமும் சுவர் நெருங்கியது. பின்னால் சப்பரம் நின்றுவிட்டதால் நாங்களும் நின்றோம். இதுதான் நேரம் என்று பட்டது.

“எலாதியோ. நியேவெஸ் கல்யாணத்துக்கு…”

“என் சோலேதாத் அடக்கத்துக்கு நீ வந்தியா?”

நியாயமான கேள்வி. இதற்கு நூறு பதில்கள் உண்டு, சும்மா தலையைக் குனிவது உட்பட. ஆனால் பயம் வந்தால் என் வாய் என்னைக் கேட்காது.

“வண்டி நிறுத்த இடம் கெடைக்கல,” என்றேன்.

சொன்னபோதே விழுங்கிவிடப் பார்த்தேன். அவன் கையுறை போட்ட இரண்டு விரலை நீட்டி, என் மெழுகுவர்த்தியின் திரியைப் பிடித்து, பூச்சியை நசுக்குவதுபோல் நசுக்கினான்.

அணைந்தால் பக்கத்து ஆளின் சுடரில் பற்றவைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். நான் மெழுகுவர்த்தியைச் சாய்த்தேன். அவன் தன்னுடையதை அந்தப் பக்கம் தள்ளிப் பிடித்தான். இன்னும் சாய்த்தேன். இன்னும் தள்ளினான். அப்படியே கம்பானா முனைக்கு வந்துவிட்டோம். வருடம் முழுக்கக் காத்திருந்து நாற்காலி பிடித்த மொத்த செவில்லாவும் உட்கார்ந்து பார்க்க, நான் ஒரு கம்பத்தைச் சுமந்துகொண்டு போனேன்.

சியெர்ப்பெஸ் தெருவில் முன்வரிசை அம்மாள் ஒருத்தி தோழியிடம் சொன்னாள், “பாவம்டி, இதுக்கு அணைஞ்சு போச்சு.”

“பக்கத்துல இருக்கறது குடுக்க மாட்டேங்குது பாரு.”

“புருஷன் பொண்டாட்டியா இருக்கும்.”

திரைக்குள் எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்துத் திரை அசையவில்லை. அப்போதுதான் உறைத்தது: இது கோபம் இல்லை, காயம். கோபக்காரன் சிரித்துவிடுவான். கடைசியில் பின்னால் வந்த யாரோ இரக்கப்பட்டு என் திரிக்கு நெருப்புக் கொடுத்தார்.

பேராலயத்துக்குள் நுழைந்து வெளியேறும் முன் ஆரஞ்சு மர முற்றத்தில் கழிப்பறைக்கு ஐந்து நிமிடம் விடுவார்கள். அங்கே மட்டும் திரையைத் தூக்கலாம். தூக்கினேன். இரண்டடி தள்ளி அவனும் தூக்கினான்.

ஏழு வருடமாக அவனைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் மாறிவிடுகிறவன் நான். முகம் பார்த்ததில்லை. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. சட்டைக் காலர் கழுத்துக்கு இரண்டு அளவு பெரிது. மனைவி இல்லாத வீட்டில் காலர் பார்க்க யாரும் இல்லை.

“நான் வந்தேன்,” என்றேன். “அடக்கத்தன்னிக்கு. கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு எதிர்ல, வண்டிக்குள்ள, டை கட்டிட்டு நாப்பது நிமிஷம் உக்காந்திருந்தேன். நீ எல்லார் முன்னாடியும் வெளியே போன்னு சொல்லிடுவியோன்னு… எறங்க முடியல. இது கார்மேலாவுக்குக்கூடத் தெரியாது.”

“எனக்குத் தெரியும்.”

“எப்படி?”

“அன்செல்மோ, உன் வண்டியில ரெண்டு பக்கமும் ஆள் உசரத்துக்குக் குழாய் வரைஞ்சிருக்கு. கீழ உன் பேரு. அதுக்குக் கீழ போன் நம்பர்.” அவன் குரல் உயர்ந்தது. “ஊரே பார்த்துச்சு! சாமியார் ரெண்டு தடவை ஆரம்பிக்கலாமான்னு கேட்டாரு. கொஞ்சம் பொறுங்கன்னேன். பெட்டிய வெயில்ல வெச்சுட்டு, எதுக்குன்னு யார்கிட்டயும் சொல்லாம, உன் கதவு தெறக்குமான்னு பாத்துட்டு நின்னேன்டா நான்! நாப்பது நிமிஷம்! அப்புறம் நீ வண்டியக் கிளப்பின சத்தம் கேட்டுச்சு!”

கடைசி வார்த்தைகளை அவன் கத்தினான். முற்றத்தில் கூம்புகள் திரும்பின. எனக்கு உடனே ஒரு நகைச்சுவை நினைவுக்கு வந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், நல்ல நகைச்சுவை. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“கத்தாதே,” என்றேன் அதற்குப் பதிலாக. அதுவும் கத்தலாகத்தான் வந்தது.

வெள்ளிக் கோல் எங்கள் நடுவில் இறங்கியது. “வரிசைச் சீட்டையும் மெழுகுவர்த்தியையும் குடுங்க ரெண்டு பேரும்,” என்றார் இலாரியோ. “குறுக்கு வழியில, திரையை எறக்கிட்டு, வாயை மூடிட்டு வீட்டுக்குப் போங்க. வயசென்ன உங்களுக்கு?”

“ஐம்பத்தெட்டு,” என்றான் எலாதியோ, கேள்வி என்று நினைத்து. “இத்தனை வருஷத்துல ஒருதரம்கூட நான் வெளியே போனதில்ல. எல்லாம் இந்தக் கழுதையால.”

ஊர்வலத்திலிருந்து தள்ளப்பட்டவன் முகம் மூடியபடியே நடக்க வேண்டும். வெயிலில், ஐஸ்கிரீம் தின்னும் கூட்டத்தின் நடுவே, மெழுகுவர்த்தி இல்லாத இரண்டு கூம்புகள். வெளியேற்றப்பட்டவர்கள் என்று நெற்றியில் எழுதி ஒட்டிய மாதிரி. அவன் எதிர் நடைபாதைக்குப் போய்விட்டான். நான் பின்தொடர்ந்தேன். அவன் மறுபடி மாறினான். நானும் மாறினேன். ட்ராம் மணியடித்தது. சந்துகளில் அவன் வேகமாக நடந்தால் நானும் வேகமாக நடந்தேன். இந்த முறை இறங்கியாயிற்று, இனி விடுவதாக இல்லை.

இருபது நிமிடம் சரியாக. தூண்களுக்கு அடியில் அவன் நின்றான். மூச்சில் திரை உப்பி உப்பி அடங்கியது.

“எதுக்குப் பின்னாடியே வர்ற?”

“நியேவெஸ் கல்யாணத்துக்கு வா.”

சொல்லிவிட்டேன். வேறு ஒன்றும் ஒட்டவைக்கவில்லை.

அவன் திரை என் பக்கம் திரும்பியது. அந்த இரண்டு ஓட்டைகளில் எதையும் படிக்க முடியாது, அதற்காகத்தானே தைத்திருக்கிறார்கள்.

“வர்ற சனிக்கிழமை பதினொரு மணி,” என்றான். “கல்லறைத் தோட்டம். மொதல்ல அவ முன்னாடி வந்து நில்லு. வந்தேன்னா, நான் உன் பொண்ணு கல்யாணத்துல வந்து நிக்கிறேன். வாசகமும் படிக்கிறேன். உன்கூடப் பேசுவேன்னு மட்டும் நெனைச்சுக்காத.”

“சரி.”

“வண்டியில வராதே. அந்தக் குழாயப் பாத்தாலே எனக்கு வயித்தெரிச்சல். நடந்து வா.”

“எங்க வீட்டுலேர்ந்து ஒரு மணி நேரம் ஆகும்டா!”

“அப்ப பத்து மணிக்குக் கிளம்பு,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

சனிக்கிழமை நான் ஒன்பது மணிக்கே கிளம்பிவிட்டேன்.