பூஜ்யத்துக்கு ஓர் அம்பு

பிள்ளைகள் தனக்கு 'லூப் சார்' என்று பெயர் வைத்ததில் அவருக்குக் கோபமே இல்லை. சொன்னதையே நாலு தரம் சொல்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

பதினோராம் வகுப்புக்குக் கணினிக் கோட்பாடு நடத்தியே தீருவேன் என்று அடம்பிடித்துப் பீரியட் வாங்கியவர் அவர்தான். தலைமையாசிரியை ஒரே நிபந்தனை போட்டிருந்தார்: "இந்தப் பரீட்சையில ஒரே ஒரு பிள்ளை புரிஞ்சு எழுதியிருந்தாலும் தொடர்ந்து நடத்துங்க. இல்லேன்னா நாளையிலேர்ந்து அந்தப் பீரியட் தட்டச்சுக்கு."

கேள்வி எளிதுதான். ஒன்றும் பூஜ்யமும் கலந்த வரிசையில், ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையா என்று கண்டுபிடிக்கும் இயந்திரத்தை வரைய வேண்டும். இரண்டே வட்டங்கள், எங்கே போக வேண்டும் என்று காட்டும் அம்புகள். ஒன்று வந்தால் அடுத்த வட்டத்துக்குத் தாவணும். பூஜ்யம் வந்தால் நின்ற இடத்திலேயே நிற்கணும்.

முதல் தாளில் பூஜ்யமும் தாவியது. இரண்டாவதிலும். ஏழாவது தாளுக்குப் பிறகு மீதியை மடமடவென்று புரட்டினார்; கடைசி ஒன்றுதான் பாக்கி. இருபத்தாறு பேர் சொல்லி வைத்தாற்போல் ஒரே தப்பைச் செய்வார்களா?

வகுப்புக்கு ஓடினார். கரும்பலகையில் அவர் வரைந்த படம், மேலே அவர் கையெழுத்திலேயே 'அழிக்காதீர்கள்'. அதில் பூஜ்யம் ஜோராகத் தாவிக்கொண்டிருந்தது. பாடம் நடத்திய அன்று, பாதி அம்பு போடும்போது மனைவி போன் செய்து, "வீட்டுச் சாவி உங்க பாக்கெட்லயா?" என்று கேட்டிருந்தார். சாவி கிடைத்தது, அம்பு தடம் மாறிவிட்டது.

கடைசித் தாள், 'பென்சில்' என்று எல்லாரும் கூப்பிடும் ஒல்லிப் பெண்ணுடையது. சரியான படம்! ஆனால் அதை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டு, கீழே பலகைப் படத்தையே வரைந்திருந்தாள்.

"ஏம்மா இதை அடிச்சே?" அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"போர்டுல வேற மாதிரி இருந்துச்சு சார்."

"எது சரின்னு தெரியுமா?"

"மேல இருக்கறதுதான். வீட்ல பத்து வரிசை போட்டுப் பார்த்தேன்."

"அப்புறம் என்ன?"

"போர்டுல இருக்கறதுதான் சரின்னு நீங்க நாலு தரம் சொன்னீங்களே சார்."

தாளைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனார். "இந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சிருக்கு மேடம்."

"அடிச்ச விடைக்கு மார்க் இல்லைன்னு விதி போட்டது யாரு சார்?"

"நான்தான்."

"அப்புறம்? புரிஞ்சுதானே அடிச்சிருக்கா. நாளையிலேர்ந்து தட்டச்சுதான்."

வகுப்புக்குத் திரும்பினார். தட்டச்சு விசைகளின் அட்டை சுருட்டியபடி வாசலில் சாய்ந்திருந்தது. அந்த ஓர் அம்பை மட்டும் அழித்து, பூஜ்யத்தை அதன் வட்டத்திலேயே நிற்க வைத்தார். காலி பெஞ்சுகளுக்கு முன்னால் பத்து வரிசை போட்டுப் பார்த்தார். பத்தும் சரியாக வந்தன.

பிறகு 'அழிக்காதீர்கள்' என்பதிலிருந்து ஆரம்பித்து, பலகை முழுவதையும் துடைத்தார்.