இரண்டு என்று வரும்வரை

வியாழக்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்தவள், மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கறுப்புத் திரையில் அந்தக் கட்டளையைத் தட்டினேன். ஒன்று என்று வந்தது. சனியன் பிடித்த ஒன்று. இதைப் பார்த்துப் பார்த்தே என் கண் பூத்துப்போய்விட்டது.

பாலைவனத்தில் எரிவாயுக் குழாய் நெடுக நிற்கும் நிலையங்களின் கணினிகளை ஒரான் நகரத்தில் இருந்தபடி பார்த்துக்கொள்வது என் வேலை. சூடு எவ்வளவு, சுமை எவ்வளவு என்று அவை ஓயாமல் அளந்துகொண்டிருக்கும். காலையில் முதல் காரியமாக நான் எவ்வளவு என்று கேட்பதில்லை. அளவுகள் கிடைக்கின்றனவா என்று மட்டும் கேட்பேன். அதற்கென்று ஒரு கட்டளை இருக்கிறது. தட்டினால், ஒவ்வோர் அளவின் பெயருக்கும் எதிரே ஓர் எண் வந்து நிற்கும். அந்த அளவைச் சொல்ல அங்கே எத்தனை பேர், அதாவது எத்தனை கருவிகள், இருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். பூஜ்யம் என்றால் யாருமில்லை. கழித்தல் குறியோடு வந்தால் கோளாறு, மேலதிகாரி தய்யிப் அண்ணனைக் கூப்பிட வேண்டும். டிஸ்க் என்ற வரிக்கு எதிரே எல்லா நிலையங்களிலும் ஒன்றுதான் வரும். ஒன்றுதான் வரவும் வேண்டும், வெளி டிஸ்க் எதையும் சொருகக்கூடாது என்பது சட்டம்.

போன வருஷம் ஒரு நாள், ஐன் ஸலாஹ் ஊரைத் தாண்டியிருக்கும் கடைசி நிலையத்தில் இரண்டு என்று வந்தது. உடனே போனை எடுத்தேன்.

"யாருங்க அங்க மெஷின்ல இன்னொரு டிஸ்க்க சொருகினது?"

"நாந்தான், லக்தர். பாட்டு வச்சிருக்கேன். இங்க நானும் மணலும்தான் இருக்கோம், பாட்டுக்கும் தடையா?"

"தடைதான். கழட்டுங்க."

"கழட்டுறேன். ஒரான்ல உக்காந்துக்கிட்டே நான் பாட்டு கேக்கறதக் கண்டுபிடிச்ச பொண்ணு பேரு என்னன்னு சொல்லுங்க, கழட்டுறேன்."

நஸீமா என்று சொன்னேன். அவன் கழற்றவில்லை. நானும் மேலே சொல்லவில்லை. நாலு வாரம் நிலையத்தில், நாலு வாரம் ஊரில் என்று அவனுக்கு முறைவேலை. ஊரில் இருக்கும்போது, அவன் ஊரான தியாரெத்திலிருந்து பஸ் ஏறி ஒரானுக்கு வந்துவிடுவான். கடற்கரைச் சாலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஆறிப்போகும்வரை பேசுவோம். பாலைவனத்தில் இருக்கும்போது காலையில் அந்த இரண்டு எனக்காகக் காத்திருக்கும். துரை வந்தாச்சு, பாட்டுப் போட்டாச்சு என்று மனசுக்குள் கேலி செய்துவிட்டுத்தான் மற்ற நிலையங்களைப் பார்ப்பேன். அந்த எண் இல்லாத காலையில் காபியே இறங்காது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு ஆசை.

குளிர் முடியும் சமயம், "பெருநாள் முடிஞ்சதும் ஒரு வெள்ளிக்கிழமை எங்கம்மாவ உங்க வீட்டுக்கு அனுப்பறேன்" என்றான். வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் எங்கள் பக்கம் பெண்கள் பெண் பேசப் போவார்கள். அம்மாவிடம் சொன்னேன். அம்மா அவரைக்காய் உரிப்பதை நிறுத்தவில்லை. "பாதி வருஷம் மணல்ல கிடக்கிறவனக் கட்டிக்கிட்டு நீ சுவரோட பேசுவியா? உங்கப்பா கப்பலுக்குப் போனப்ப நான் பேசினது போதும். ஒரு வருஷம் போகட்டும்." அதை அப்படியே அவனிடம் சொன்னேன். சண்டை போடுவான் என்று நினைத்தேன். "சரி" என்றான். அவ்வளவுதான். அதன்பிறகு நான் கூப்பிட்டால் ஒரே மணியோடு நின்றுவிடுகிறது. பெருநாளும் போனது. அவன் ஊரில் இருக்கவேண்டிய நாலு வாரமும் போனது, ஒரு பஸ்ஸிலும் அவன் வரவில்லை. இன்று மத்தியானம் ஆள் மாறும் விமானத்தில் அவன் நிலையத்தில் போய் இறங்க வேண்டும்.

தய்யிப் அண்ணன் தேநீரோடு வந்து என் மேஜையோரம் நின்றார்.

"நஸீமா, அந்தக் கடைசி நிலையத்துப் பழைய மெஷின இன்னைக்கு சாயங்காலம் அணைக்கிறாங்க. புதுசுல எவனும் எதையும் சொருக முடியாது, எல்லா ஓட்டையையும் அடைச்சு அனுப்பிருக்காங்க."

"நல்லதுதானே அண்ணே."

"உன் மூஞ்சில அந்த நல்லது தெரியலையேம்மா. எல்லா மெஷினையும் ஒரு தடவ பாக்குற, அத மட்டும் பத்து தடவ பாக்குற. எனக்குக் கண்ணில்லன்னு நினைச்சியா?"

தேநீரை வாங்கிக் குடித்தேன். நாக்கு வெந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகவில்லை. மேல் அம்புக்குறி விசையைத் தட்டினால் பழைய கட்டளையே திரும்ப வந்துவிடும், மறுபடி எழுத வேண்டியதில்லை. அதனால் தட்டிக்கொண்டே இருந்தேன். ஒன்று. ஒன்று. விமானம் இறங்கியிருக்கும். ஒன்று. பெட்டியை அறையில் வைத்திருப்பான், முகம் கழுவியிருப்பான். ஒன்று. வாடா, வந்து சொருகித் தொலையேன். ஒன்று. கடைசியில் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு நிலையத்துப் போனுக்கே அடித்தேன். தொண்டை கட்டிய ஒரு குரல் எடுத்தது.

"மஸ்ஊத் பேசறேன். சொல்லும்மா."

"லக்தர் இல்லீங்களா?"

"அவர் வரல. என்கூட முறைய மாத்திக்கிட்டாரு. நாளைக்கு வீட்ல பொண்ணு பேசப் போறாங்களாம்."

"யார் வீட்டுக்கு?"

"அதையெல்லாமா கேப்பாங்க? கல்யாணப் பேச்சுன்னதும் அந்த மனுஷன் மூஞ்சிய வேற பக்கம் திருப்பிக்கிட்டாரு. நானும் விட்டுட்டேன்."

பெண் பேச வருகிறவர்கள் சொல்லி அனுப்பிவிட்டுத்தான் வருவார்கள். எங்கள் வீட்டுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. முதல் தடவை சிலர் சொல்லாமலும் வருவதுண்டுதான், சும்மா இந்தப் பக்கம் வந்தோம், ஒரு வாய் காபி குடிக்கலாம் என்று நுழைந்தோம் என்பதுபோல. தியாரெத்திலேயே பெண்களுக்கா பஞ்சம்? ஒரு வருஷம் போகட்டும் என்று யார் காத்துக்கொண்டிருப்பார்கள்?

"அம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். அண்ணே, அவர் ஒரு டிஸ்க் வச்சிருப்பாரு. அங்க இருக்கா பாருங்களேன்."

இழுப்பறை இழுபடும் சத்தம் கேட்டது.

"இருக்கு. பாட்டு கேக்கறவன் எவனாவது எடுத்துக்கட்டும்னு விட்டுட்டுப் போனாராம்."

"அதக் கொஞ்சம் சொருகுங்க."

"சொருகக்கூடாதுன்னு இங்க கொட்டை எழுத்துல ஒட்டி வச்சிருக்கே!"

"ஒட்டச் சொன்னதே நாங்கதான். சொருகுங்கண்ணே."

மேல் அம்புக்குறியைத் தட்டினேன். இரண்டு.

அவன் அங்கே இல்லை. இல்லை என்று இப்போதுதான் காதால் கேட்டேன். ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்ததும் என் மனசு பழைய காலைகளில் துள்ளியதுபோலவே துள்ளியது, வெட்கம்கெட்ட மனசு. அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கேட்கவும் வேறு கட்டளை உண்டு. நான் கேட்கவில்லை. சாயங்காலம்வரை கழற்றவேண்டாம் என்று மட்டும் மஸ்ஊதிடம் சொன்னேன். "நீயும் பாட்டு கேக்கறியாம்மா அங்கருந்து?" என்று அவர் சிரித்தார்.

சாயங்காலம் தய்யிப் அண்ணன் வந்து, "அணைக்கச் சொல்லட்டுமா?" என்றார். ஒரு நிமிஷம் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தட்டினேன், இரண்டு என்று வந்தது. "சொல்லுங்க அண்ணே" என்றேன். அடுத்த தடவை தட்டியபோது அங்கிருந்து பதிலே வரவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் இனிப்புக் கடையில் பேரீச்சம்பழம் வைத்த மக்ரூத் வாங்கினேன், நானும் அம்மாவும் ஒரு வாரத்துக்குத் தின்றாலும் தீராத அளவுக்கு. அம்மா கதவைத் திறந்து பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யார் வராங்க?"

"தெரியல."

"தெரியாத ஆளுக்கா இம்மாம் பெரிய பெட்டி?"

"வந்தா வரட்டும்மா. வரலன்னா நாமளே தின்னுடலாம்." மேல்கோட்டோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரியின் மேல்தட்டைத் திறந்தாள். அப்பா கப்பலில் கொண்டுவந்த, பொன் விளிம்பு வைத்த கோப்பைகள் அங்கேதான் இருக்கின்றன. அக்காவின் கல்யாணத்துக்குப் பிறகு அவை கீழே இறங்கியதே இல்லை.

"எத்தனை பேரு?" என்று மேலேயிருந்து கேட்டாள்.

"ரெண்டு" என்றேன். நாளெல்லாம் நான் காத்திருந்த எண்தான் வாயில் வந்தது.

அம்மா இரண்டு கோப்பைகளை எடுத்தாள். முக்காட்டு நுனியில் தூசி துடைத்து, தாம்பாளத்தில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.