அலமாரிக்குள் வைத்த காந்தம்

சியாமளா கேசட்டைத் திருப்பிப் போட்டு மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். இந்தப் பக்கமும் வெறும் இரைச்சல்தான். ஒலியைக் கூட்டினாள். இரைச்சல் கூடியது.

மூன்று மணிக்குக் கணவர் ரகுநாதனின் தகனம். இப்போதே ஒன்றே முக்கால். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. திருச்சியிலிருந்து மாமியாரின் பதில் தந்தி காலையில் வந்திருந்தது: அவன் குரலையாவது அனுப்பு.

மகனுக்கும் அம்மாவுக்கும் நடுவே போய்வந்தது ஒரே ஒரு கேசட். இவர் பேசி அனுப்புவார். அம்மா கேட்டுவிட்டு அதன் மேலேயே பதில் பேசி அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை இவர் முறை. ஜெர்மனியில் இந்த எர்லாங்கன் ஊரின் குளிரைப் பற்றி, சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் போவதைப் பற்றியெல்லாம் அரைமணி நேரம் பேசினார். திங்களன்று அதைத் தபாலில் சேர்க்க மறந்தாள் சியாமளா, பாவி. செவ்வாய் காலை சட்டையை மாட்டும்போதே அவர் சரிந்துவிட்டார். நெஞ்சில் வைத்த பேஸ்மேக்கரில் கோளாறில்லை, இதயமே ஓய்ந்துவிட்டது என்றார் டாக்டர்.

உமாபதி உள்ளே வந்தான். ரகுநாதனோடு கம்ப்யூட்டர் செக்‌ஷனில் வேலை பார்ப்பவன். நாளை மெட்ராஸ் வழியாகத் திருச்சி போகிறான். கேசட் அவன் கையில்தான் போகவேண்டும்.

"ஒண்ணும் கேக்கல உமாபதி. ரெண்டு பக்கமும் பாத்துட்டேன்."

"ரெகார்டர் ஹெட் அழுக்கா இருக்கும் அண்ணி." கைக்குட்டையால் துடைத்துப் போட்டான். இரைச்சல். "இதை எங்க வச்சிருந்தீங்க?"

அவள் அலமாரியைக் காட்டினாள். அங்கே பழைய துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். அவன் பிரித்தான். உள்ளே கறுப்பாக, கனமாக ஒரு காந்தம். உடைத்துப் போட்ட டிஸ்க் டிரைவிலிருந்து ரகுநாதன் கழற்றிக்கொண்டு வந்தது. வெளியே போகும் டேப்களில் பதிந்ததை இந்த மாதிரிக் காந்தத்தை வைத்துத்தான் ஆபீஸில் அழிப்பார்கள்.

உமாபதி சட்டென்று துண்டை மூடினான்.

"அண்ணன் ரெகார்ட் பட்டனை சரியா அழுத்தல போல இருக்கு."

"அவரா? பதினஞ்சு வருஷம் டேப்போட குப்பை கொட்டினவர்."

அவன் துண்டை இறுக்கிச் சுற்றினான்.

"இந்தக் காந்தம் மேஜை மேல கிடந்தது. பேஸ்மேக்கர் வச்சதும், காந்தம் பக்கத்துல ஆகவே ஆகாதுன்னு டாக்டர் சொன்னார். நான்தான் சுத்தி உள்ள வச்சேன். கேசட்டும் தொலையாம இருக்கட்டும்னு அது மேலயே வச்சேன்." சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே விளங்கியது. "அவரைக் காப்பாத்தத்தான் உமாபதி."

"தெரியும் அண்ணி."

தகனத்துக்குக் கூட்டிப்போகும் கார் கீழே வந்து நின்றது. அவன் துண்டோடு காந்தத்தை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினான். "அம்மாகிட்ட என்ன சொல்லட்டும்?"

சியாமளா கேசட்டை முதலிலிருந்து ஓடும்படி சுற்றினாள். மைக்கைப் பக்கத்தில் இழுத்து, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். "அம்மா" என்றாள். அதற்குமேல் வரவில்லை. கார் ஒருமுறை ஹாரன் அடித்தது. நாடா ஓடிக்கொண்டே இருந்தது.